அத்தியாயம் 4: மஞ்சள் பையைக் கொட்டுங்கள்

எல்லா வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது. துணிக்கடையில் கொடுத்த மஞ்சள் பையாக இருக்கும், இல்லையென்றால் ஸ்கேன் சென்டரின் பெயர் அச்சடித்த பெரிய உறையாக இருக்கும். பீரோவின் மேல்தட்டில் ரேஷன் கார்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் பக்கத்தில் கிடக்கும். மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதை எடுத்துவந்து தரையில் கொட்டுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, போனை நன்றாகக் கையாளத் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சென்னை மண்ணூர்பேட்டையில் ஒரு குடும்பம் வைத்தியத்துக்காக எத்தனை வாசல் ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. அங்கே எழுதிக் கொடுத்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, சில நோய்களுக்குக் கே.கே. நகர். திடீர்க் காய்ச்சலென்றால் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் உள்ள கிளினிக். ரத்தம் கொடுக்க, சி.டி.எச். சாலையில் எந்த லேப் காலையில் சீக்கிரம் திறக்கிறதோ அது. பெரிய விஷயமென்றால் கீழ்ப்பாக்கம் அல்லது ஸ்டான்லி. கடன் வாங்கியாவது பார்த்துவிட வேண்டுமென்றால் முகப்பேர், அண்ணா நகர் பக்கம் தனியார் மருத்துவமனை. ஆறு வாசலிலும் உங்கள் உடம்பைப் பற்றி ஆளுக்கொரு துண்டு இருக்கிறது. ஒரு வாசலில் இருப்பது இன்னொரு வாசலுக்குப் பெரும்பாலும் தெரியாது. எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும் ஒரே இடம் அந்தப் பைதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. ஒரு நாள் கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் அந்த டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கடைசியா பார்த்த கிரியாட்டினின் எவ்வளவு?" சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் அது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தோம். தாள் வீட்டில், பையில், எங்கேயோ. திரும்ப ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை அம்மா வலியில் சுருண்டு கிடந்தார். அன்றிரவுதான் நான் முதன்முதலாக அந்தப் பையைத் தரையில் கொட்டினேன்.

தாளைப் படமாக்குவது

முதலில் எது வேண்டும், எது அவ்வளவு வேண்டாம் என்று பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே வருவது டிஸ்சார்ஜ் சம்மரி. எப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், எத்தனை வருடம் ஆனாலும், அந்தத் தாள் முக்கியம். அடுத்து இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. பிறகு கடைசிக் கிரியாட்டினின், கடைசி எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி), கடைசி ஈ.சி.ஜி., எக்கோ எடுத்திருந்தால் அந்த அறிக்கை, கண் விழித்திரைப் பரிசோதனைத் தாள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு வாங்கியதா? அந்த மருந்தின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஈ.சி.ஜி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியோடு போகும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இன்று வந்ததா, ஐந்து வருடமாக இருப்பதா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த ஈ.சி.ஜி. கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். "அப்போ எல்லாம் நார்மல்னு சொன்னாங்க" என்று தூக்கிப் போட்ட தாள்தான் அவசர நேரத்தில் விலைமதிப்பில்லாதது.

ஈ.சி.ஜி. தாளும் அல்ட்ராசவுண்ட் படமும் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் காகிதத்தில் அச்சாகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் இரண்டு கோடை தாண்டினால் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கொடுக்காதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். வாங்கிய அன்றே படமெடுப்பதுதான் வழி.

படமெடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், தாளைத் தட்டையாக வைத்து, நேர்மேலிருந்து எடுங்கள். கூகுள் டிரைவில் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது, அது தாளின் ஓரங்களைத் தானே வெட்டி பி.டி.எஃப். ஆக்கித் தரும். பெயர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள்: 2025-03-14 அம்மா கிரியாட்டினின். அப்படி வைத்தால் போனே அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோல்டர். அப்பாவின் பி.பி. சீட்டும் பேத்தியின் தடுப்பூசி அட்டையும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால், மஞ்சள் பையில் கிடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இப்போது பல லேப்கள் முடிவை வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்காக அனுப்புகின்றன. அந்த லிங்க் என்றைக்கும் திறக்கும் என்று நம்பாதீர்கள். வந்த உடனே தரவிறக்கி ஃபோல்டரில் போடுங்கள். நீங்கள் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, சிறிய எண்கள் மசமசவென்று ஆகிவிடும். "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் உள்ளபடியே போகும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று உங்கள் போன், இன்னொன்று உங்கள் கூகுள் கணக்கோ, நீங்கள் நம்பும் ஒருவரின் போனோ. கூட்டமான பேருந்தில் போன் தொலைவது நமக்குப் புதிதில்லை.

பையில் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லையா? ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பாதுகாக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். வாயால் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி எழுதி, பதிவேட்டுப் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை விழுந்த நகலோடு போகிறவரைத் திருப்பி அனுப்புவது கடினம்.

அயப்பாக்கத்தில் கற்றது

நோயாளியின் கணக்கை அவர் வீட்டிலிருந்தே எடுப்பது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுக்கும் மருந்தும், சென்னையின் ஏழை வீடுகளில் இருந்துகொண்டே சாப்பிடும் மருந்தும் ஒரே பலனைத் தருமா என்று அங்கே சோதித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வாரம்தோறும் வந்து மாத்திரை வாங்கிப் போனார்கள். ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். 1959இல் வந்த முடிவு, வீட்டுச் சிகிச்சையும் அதற்குச் சமமாகவே பலன் தருகிறது என்றது. அதன்பிறகு உலகமெங்கும் காசநோயாளிகளை மாதக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. அந்த வீடுகளில் எண்ணப்பட்ட மாத்திரைகள்தான், இன்றைய சொல்லில், நோயாளியின் தரவு.

நம் மண்ணூர்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அயப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்தது. 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் திட்டத்தில் நோயாளியின் கையில் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். பி.பி. பாஸ்போர்ட் என்று பெயர். அதில் ஒரு க்யூஆர் குறி. செவிலியர் தன் போனில் சிம்பிள் என்ற செயலியைத் திறந்து அதைக் காட்டினால், போன மாதம் பி.பி. எவ்வளவு, என்ன மாத்திரை, எந்தத் தேதியில் வரத் தவறினார் என்பதெல்லாம் உடனே வந்துவிடும். 2022இல் ஐக்கிய நாடுகளின் விருது ஒன்று இந்த முயற்சிக்குக் கிடைத்தது.

அதே நிறுவனம் துணைநின்ற இன்னொரு வேலை தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம், 2022 ஏப்ரலில் தொடங்கியது. காசநோய் என்று தெரிந்தவுடன் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எதற்கும் லேப் வேண்டாம். ஒரு எடைக் கருவியும் ஆக்சிமீட்டரும் போதும். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் இதை மனதில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுவது, விலை உயர்ந்த பல பரிசோதனைகளைவிட முன்னதாக எச்சரிக்கும்.

இன்னொரு அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வந்தால், அவர் பார்த்துச் சொல்லும் எண்ணை நீங்களும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பதிவு அரசுக்கு, உங்கள் பதிவு உங்களுக்கு.

வீட்டில் பார்க்கும் எண்கள்

பி.பி. மெஷின் வாங்குவதென்றால் மேற்கையில் பட்டை சுற்றும் வகையை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது எளிதாகத் தவறிவிடும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டையை இறுக்கிச் சுற்றினால் பி.பி. இல்லாதவருக்கும் பி.பி. காட்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டீ, காபி, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை ஒரு மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரை போடும் முன், மாலையில் ஒருமுறை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுத்துப் போங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85 தொட்டால் அதிகம் என்று கணக்கு. கிளினிக்கில் சொல்லும் 140/90க்கு இது நிகர். உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வருடம் முழுக்கத் தினமும் நாலு தடவை பார்க்காதீர்கள். மெஷின் வாங்கிய முதல் மாதம் எல்லோரும் செய்வது அதுதான். எண் ஏறினால் பயம், பயத்தில் இன்னும் ஏறும். ஒழுங்காகப் பார்த்த ஏழு நாள் கணக்கு, பதறிப் பார்த்த நூறு எண்களைவிட டாக்டருக்குப் பயன்படும். ஆனால் 180/120க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, இறங்கவில்லையென்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

சுகர் மெஷினுக்கு வருவோம். விரலைக் குத்தும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துதான் எண் வரும். ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடி வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து கிடந்தால் கெட்டுவிடும். மெஷின்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. அதாவது உண்மையில் 200 என்றால் மெஷின் 170க்கும் 230க்கும் நடுவே எதையும் காட்டலாம், இரண்டும் சரிதான். நேற்று 182, இன்று 196 என்று கலங்க வேண்டாம்.

நைட் ஷிப்ட் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, பல கையேடுகள் அதைச் சொல்வதில்லை. வெறும் வயிற்றில் பார்ப்பது என்றால் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் பார்ப்பது, காலையில் பார்ப்பது என்று பொருளில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்ப்பது வெறும் வயிற்றுக் கணக்கு ஆகாது. ஆகவே உங்கள் நோட்டில் கட்டம் போடும்போது தேதி, நேரம், எண் ஆகிய மூன்றோடு நிறுத்தாதீர்கள். கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, அன்று எந்த ஷிப்ட் என்ற இரண்டையும் சேருங்கள். பகல் ஷிப்ட் வாரமும் நைட் வாரமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, மாத்திரை போடும் நேரத்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரால் யோசிக்க முடியும். ஒரே மாத்திரையை இரண்டு விதமான வாழ்க்கைக்குச் சாப்பிடுகிறோம். டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை, நாம் சொன்னால் தவிர.

எண் 70க்குக் கீழே போனால் எழுதுவதெல்லாம் பிறகு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

எச்பிஏ1சி சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் தடம் மாறும். நம் பகுதியில் தையல் வேலைக்கும் பேக்கிங் வேலைக்கும் போகும் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. வீட்டு எண்களும் எச்பிஏ1சியும் பொருந்தாமல் போனால், "என் ஹீமோகுளோபின் இவ்வளவு, அதனால் மாறியிருக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கைக்கடிகாரங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஈ.சி.ஜி. காட்டும் கடிகாரம் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தும்போது கடிகாரம் நார்மல் என்று காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலிலும் நகச்சாயம் பூசிய விரலிலும் தவறும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. எண் 95 இருக்கிறதே என்று மூச்சு வாங்குவதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இ.எஸ்.ஐ.யும் ஆபாவும்

இ.எஸ்.ஐ. ஐ.பி. எண், அதாவது காப்பீடு பெற்றவரின் எண், 10 இலக்கம். கம்பெனி மாறினாலும் அது மாறாது. புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைக் கொடுங்கள். கான்ட்ராக்டர் அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால் உங்கள் பழைய சிகிச்சையும் பணிக்காலக் கணக்கும் இரண்டாகப் பிரிந்துவிடும். டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்ய ஏ.ஏ.ஏ. பிளஸ் என்ற செயலி இருக்கிறது, உமங் செயலியிலும் இ.எஸ்.ஐ. பக்கம் உண்டு.

அதிகம் பேர் தவறவிடுவது வேறு ஒன்று. 2017 ஜனவரி முதல் இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். இன்கிரிமென்ட் வந்து அதைத் தாண்டினால் அந்த ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் காலம் முடியும்வரை சந்தா பிடிப்பார்கள், அதற்குரிய பலன் காலமும் இருக்கும், பிறகு வெளியே வந்துவிடுவீர்கள். சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறோம். அயனாவரத்தில் ஐந்து வருடம் பார்த்த இதய நோயின் பதிவெல்லாம் அங்கேயே நின்றுவிடும், நீங்கள் வெறுங்கையோடு ஒரு தனியார் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். இன்கிரிமென்ட் கடிதம் வந்த வாரமே போய் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிவிடுங்கள்.

ஆபா என்பது 14 இலக்க உடல்நலக் கணக்கு எண். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்க அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வருவது. இது காப்பீட்டு அட்டை இல்லை. இதைக் காட்டினால் இலவசச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு தனி. அதற்குக் குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஆபா எதற்கு? திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் புறநோயாளி வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஆபா செயலியில் காட்டினால் பெயர், வயது, முகவரி எல்லாம் போய்ச் சேர்ந்து டோக்கன் வந்துவிடும். நீண்ட வரிசையில் நிற்க முடியாத முதியவருக்கு இதுவே பெரிய உதவி. இன்னொன்று, அந்த ஆஸ்பத்திரி உங்கள் பதிவை ஆபாவோடு இணைத்தால் நீங்கள் அதைச் செயலியில் பார்க்கலாம், வேறு டாக்டருக்குக் காட்ட ஒப்புதல் கொடுக்கலாம். பதிவுகள் டெல்லியில் ஒரே கிடங்கில் குவிவதில்லை, உண்டான ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். ஒப்புதல் கேட்டு வரும்போது யார் கேட்கிறார்கள், எந்தத் தேதி வரையான பதிவுகள், எத்தனை நாளுக்கு என்று மூன்றையும் படித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்ப எடுக்கவும் முடியும். ஆபா எடுப்பது உங்கள் விருப்பம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் தம்பிகளுக்கு நான் இதை வற்புறுத்திச் சொல்வேன். இங்கே பார்த்த வைத்தியம் ஊருக்குப் போனாலும் கூடவே வர இப்போதைக்கு இது ஒரு வழி.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வரி: பிக்மி என்னும் கர்ப்பகாலப் பதிவில் கிடைக்கும் 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் அதைக் கேட்பார்கள்.

யாருக்குத் தெரியலாம்

உங்கள் போனை வீட்டில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஒரே போனை மூன்று பேர் பயன்படுத்தும் வீட்டில், ஒரு பெண்ணின் மகப்பேறு ரிப்போர்ட்டோ மனநல மருந்துச் சீட்டோ எல்லோர் கண்ணிலும் படும். கூகுள் ஃபைல்ஸ் செயலியில் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் ஃபோல்டர் இருக்கிறது. அதைப் பழக்கிக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டம் ரகசியத்தையும் காக்கிறது, தன் பதிவைத் தானே பார்க்கும் உரிமையையும் தருகிறது.

கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் லீவுக்காக முழு ரிப்போர்ட்டையும் போடாதீர்கள். மருத்துவர் கொடுத்த சான்றிதழ் போதும், அதையும் மேற்பார்வையாளருக்குத் தனியாக அனுப்புங்கள். ஆபா எடுத்துத் தருகிறேன் என்று போனில் ஓ.டி.பி. கேட்பவருக்குச் சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக் கணினிகளும் தப்புவதில்லை: 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் கணினிகளை இணையவழித் தாக்குதல் முடக்கியது. நாட்டின் முதன்மையான ஆஸ்பத்திரி நாட்கணக்கில் கையால் சீட்டு எழுதி நடந்தது. அப்போது தன் தாளைத் தானே வைத்திருந்த நோயாளிக்குத் தடுமாற்றம் குறைவாக இருந்திருக்கும். படமெடுத்த பிறகும் தாளை எறியாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இத்தகைய தரவைக் காக்கத் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

அம்மா, அப்பா போனை நாம் கையாளும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்வரை அது அவர்கள் உடம்பின் கணக்கு. "அண்ணனுக்கு அனுப்பட்டுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றில் ரிப்போர்ட்டைப் போட்டுக் கேட்கும் பழக்கம் நம் தெருவிலும் வந்துவிட்டது. புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், டாக்டரிடம் என்ன கேட்பது என்று தயார் செய்யலாம். பெயரையும் போன் எண்ணையும் விரலால் மறைத்துப் படமெடுங்கள். அது சொல்லிற்று என்று மாத்திரையை நிறுத்துவதோ அரையாக்குவதோ கூடவே கூடாது. உங்களைத் தொட்டுப் பார்க்காத ஒன்றின் சொல் அது.

ஒரு பக்கம்

இத்தனையும் சேர்த்த பிறகு டாக்டரிடம் போனை நீட்டி "எல்லாம் இதுல இருக்கு சார்" என்று சொன்னால் பயன் இல்லை. கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நிமிடம். நாற்பது படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஆகவே ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள், தாளில், கையால். மேலே பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்து என்னென்ன நோய், எந்த வருடத்திலிருந்து. பிறகு மாத்திரைகள், பெயரும் அளவும், இதில் எது எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதும். மறைக்காதீர்கள். சாப்பிடாத மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொன்னால் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். கீழே ஏழு நாள் பி.பி. சராசரி, சுகர் கட்டம், கடைசிக் கிரியாட்டினின். கடைசியில் உங்கள் கேள்வி, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். போன மாதம் அம்மாவோடு போனபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "டாக்டர், சாயந்திரம் மட்டும் பி.பி. ஏறுது, காலையில் சரியா இருக்கு. ஏழு நாள் கணக்கு இதுல இருக்கு." அவர் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். கிரியாட்டினின் வரியில் பேனாவை வைத்து நிறுத்தி, "இது போன தடவையைவிட ஏறியிருக்கே, வலி மாத்திரை ஏதாவது போடறீங்களாம்மா?" என்று கேட்டார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கி ஒரு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார். எனக்கே தெரியாது. அதை நிறுத்தச் சொல்லி, மூன்று வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

எழுந்து வருவதற்கு முன், எந்த மாத்திரை புதிது, எது நிறுத்தியது என்று அவரையே சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போதே அந்தச் சீட்டைப் படமெடுத்து, தேதி போட்டு, ஃபோல்டரில் சேருங்கள். வீட்டுக்கு வந்ததும் தாளை மஞ்சள் பையில், மேலாக வையுங்கள்.